ஈர நெல்லை விற்று உலர்ந்த அரிசியை வாங்குகிறோம்: எதை உள்ளூர்ப் பொருள் என்பது?

வாவிக்கரை (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். 2022 ஆம் ஆண்டு சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாட்களில், பயத்தினால் வீட்டுச் செலவை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். பயம் போய்விட்டது, கொப்பி மட்டும் இன்றுவரை தொடர்கிறது. சென்ற மாதக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, மேசையில் கிடந்த அரிசிப் பையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த முகவரி கண்ணில் பட்டது. பொலன்னறுவை. அதே வாரத்தில்தான் வெல்லாவெளியில் வயல் செய்யும் என் மாமா, அறுவடை இயந்திரம் கொட்டிய நெல்லை ஈரம் உலராமலேயே வரம்போரத்தில் நின்ற லொறிக்குக் கொடுத்துவிட்டு வந்து, விலை கட்டவில்லை என்று எங்கள் விறாந்தையில் இருந்து புலம்பிவிட்டுப் போனார். அவருடைய நெல்தான் இந்தப் பையில் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் விளைந்தது மாவட்டம் தாண்டிப் போய், அவிந்து, குற்றுப்பட்டு, மினுக்கிய பையில் மீண்டும் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வருவதற்கு இடையில் எத்தனை பேருக்கு நாங்கள் கூலி கொடுக்கிறோம் என்று யோசித்தேன்.

நெருக்கடி வந்ததிலிருந்து உள்ளூர்ப் பொருளையே வாங்குங்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். நானும் முயன்றேன். ஆனால் எதை உள்ளூர்ப் பொருள் என்பது, அதற்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் என் கொப்பியில் விடை இல்லை. நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: நான் கொடுக்கும் நூறு ரூபாவில் எவ்வளவு இந்த மண்ணில் தங்குகிறது என்று பார்ப்பேன். அது சரியா, பிழையா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

செங்கலடிச் சந்தி (செங்கலடி)

சகோதரி, குறை நினைக்க வேண்டாம். நான் மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவன். வேலை இருக்கும் நாளில் அரிசி ஒரு கிலோ வாங்குவேன், வேலை தொடர்ந்து இருந்தால் இரண்டு கிலோ. பையின் பின்புறத்தைத் திருப்பி வாசிக்கும் அளவுக்குப் பெரிய பையை நான் வாங்குவதே இல்லை. 2025 இல் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டு நின்றபோது, எங்கே காய்த்தது என்று நான் கேட்கவில்லை. பாதியாக உடைத்துத் தருவீர்களா என்றுதான் கேட்டேன். உள்ளூர்ப் பொருள் என்பது மாதச் சம்பளக்காரரின் பேச்சாகவே எனக்குப் படுகிறது.

தறிச்சத்தம் (மருதமுனை)

அனைவருக்கும் ஸலாம். தங்கை கேட்ட நூறு ரூபாக் கணக்கை எங்கள் வீட்டுத் தறியில் வைத்துப் பார்க்கலாம். மருதமுனைச் சாரன் என்றால் நாடு முழுவதும் உள்ளூர்ப் பொருள் என்றே வாங்குகிறார்கள். அதில் உள்ள நூல் இந்தியாவிலிருந்து வருகிறது. சாயமும் வெளியிலிருந்துதான் வருகிறது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியபோது நூல் விலையும் கூடவே ஏறியது. வாங்குகிறவரின் கையிலோ பழைய காசுதான் இருந்தது. எங்கள் தெருவில் பல தறிகள் சும்மா கிடந்தன. உள்நாட்டு உற்பத்தி என்று பெயர் இருந்தால் டொலர் நம்மைத் தீண்டாது என்று நினைப்பவர்கள் அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆனாலும் அதை உள்ளூர்ப் பொருள் இல்லை என்று நான் தள்ளமாட்டேன். பாவு ஓடுவது, நாடாவுக்கான நூலைத் தார் சுற்றுவது, அச்சில் நூல் கோப்பது, நெய்வது, மடிப்பது எல்லாம் நாலைந்து வீட்டுக்குக் கூலியாகப் பிரிகின்றன. தார் சுற்றுகிறவர் பெரும்பாலும் வெளியே வேலைக்குப் போக முடியாத ஒரு பெண்ணாக இருப்பார். ஆயத்தமாக இறக்குமதியாகும் சாரனை வாங்கினால், விற்கும் கடைக்காரரின் இலாபத்தைத் தவிர வேறெதுவும் இங்கே தங்காது. ஆகவே பொருள் எங்கே பிறந்தது என்று கேட்பதைவிட, அதற்குள் இருக்கும் உழைப்பு யாருடையது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியைக் கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். துணியின் இரு கரைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் நெய்ததில் பெரும்பாலும் கரையோரமாகச் சிறு ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அகலம் சுருங்காமல் இருக்க நெய்யும்போது விரித்துப் பிடிக்கும் கோலின் முனை குத்திய அடையாளம் அது.

முதலைக்குடா வாசகர்

பொலன்னறுவைக்காரரும் இந்த நாட்டு மக்கள்தானே? அங்கே அவித்த அரிசியை வாங்கினால் என்ன குடிமுழுகிப் போகும்?

வாவிக்கரை (கல்லடி)

ஒன்றும் முழுகாது ஐயா. பொலன்னறுவையில் விளைந்த நெல்லைப் பொலன்னறுவை ஆலை குற்றினால் அது அவர்களுடைய உரிமை. அதை வாங்குவதிலும் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அந்த மாவட்டத்தின் மீது எனக்குக் கோபம் கிடையாது. நான் கேட்பது வேறு: அரிசி விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, நெல்லை மலிவாக விற்று அரிசியை விலையாக வாங்குகிறவர்களாக நாங்கள் ஏன் ஆனோம்?

ஆலைப்புகை (சம்மாந்துறை)

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நான் கடமைப்பட்டவன். என் வாப்பா சிறிய அரிசி ஆலை ஒன்றை நடத்தினார். இப்போது நான் நடத்துகிறேன், கிழமையில் மூன்று நாள் மட்டும்.

முன்பெல்லாம் நெல்லை அரிவாளால் வெட்டி, உப்பட்டியாக வயலில் பரப்பிப் போட்டு, பிறகு சூடாகக் குவித்து வைத்து, அடித்துத் தூற்றி முடிப்பதற்குள் நெல் தானாகவே காய்ந்துவிடும். போடியார் எனப்படும் பெரிய வயற்காரர் வீட்டில் பட்டறை என்ற நெற்களஞ்சியம் இருக்கும். வருடம் முழுவதற்கும் உரிய நெல் அதில் கிடக்கும். இன்று அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்து, ஈர நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயல் வட்டைக்குப் போய்விடுகிறது. காய வைக்கக் களமில்லை. தார் வீதியில் பரப்பினால் வாகனம் ஏறுகிறது. மழை தூறினால் முளைத்துவிடும். உரக் கடைக்காரரும் உழவு இயந்திரக்காரரும் கடனைக் கேட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். கார்த்திகை வெள்ளத்தில் ஒருமுறை விதைத்தது அழிந்து மறுமுறை விதைத்தவர்களுக்கு இந்தக் கடன் இரட்டிப்பு. லொறியில் வருபவர் ரொக்கம் தருகிறார். அவர் கேட்கும் விலைக்குக் கொடுக்காமல் விவசாயி வேறென்ன செய்வார்?

அரசாங்கம் 2025 பெப்ரவரி 5 ஆம் திகதி நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: ஒரு கிலோ நாடு என்ற நெல்வகை 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா. அம்பாறையில் பலர் அதற்கு முன்பே அறுத்து விற்றுவிட்டார்கள். தவிர, அந்த விலைக்கு வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதற்கு நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. இயந்திரம் கொட்டும் நெல்லில் ஈரம் அதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். ஆக, அறிவித்த விலை காய்ந்த நெல்லுக்கு; விவசாயியின் கையில் இருப்பதோ ஈர நெல். இந்த இடைவெளிக்குள்தான் இடைத்தரகர் வாழ்கிறார்.

பெரிய ஆலைகளிடம் உலர்த்தும் இயந்திரம் உண்டு, களஞ்சியம் உண்டு, வங்கிக் கடன் வசதியும் உண்டு. ஒரு போகத்து நெல்லை வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, விலை ஏறும் மாதம் வரைக்கும் அவர்களால் பொறுத்திருக்க முடிகிறது. என்னால் முடியாது. உள்ளூர் அரிசி கடையில் இல்லையென்றால், உள்ளூரில் விருப்பமில்லை என்பது அதன் காரணமல்ல. காய வைக்கவும் சேமிக்கவும் இங்கே காசில்லை.

தங்கைக்கு ஒரு கணக்கு. நூறு கிலோ காய்ந்த நாடு நெல்லை 120 ரூபாப்படி வாங்கினால் 12,000 ரூபா. அவித்துக் குற்றினால் ஏறக்குறைய 64 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு நெல் விலை மட்டும் 187 ரூபா 50 சதம். கடையில் நாட்டரிசிக்கு 2024 டிசெம்பரில் வர்த்தமானி போட்ட உச்ச விலை 230 ரூபா. இடையில் உள்ள 42 ரூபா 50 சதத்தில் குற்றுக்கூலியும் ஓட்டோக் கூலியும் போக மிஞ்சுவது உங்களுடையது. தவிடும் குறுணலும் கோழிக்கு உதவும். மில்லில் மினுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மினுக்கினால் எடையும் குறையும், சத்தும் குறையும்.

செங்கலடிச் சந்தி (செங்கலடி)

ஆலை நடத்தும் காக்கா (அண்ணன்) சொன்ன கணக்கு விளங்குகிறது. ஆனால் 12,000 ரூபாவை ஒரேயடியாக எடுத்து வைக்கக்கூடியவர் யார் என்பதையும் சொல்லுங்கள்.

நாலாம் குறிச்சிக் கடை (அக்கரைப்பற்று)

கடைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். கம்பனிப் பொருளுக்கு முகவர் வந்து தானே தட்டில் அடுக்கிவிட்டுப் போவார். காசு இரண்டு கிழமை கழித்துக் கொடுத்தால் போதும், பழுதானால் திருப்பி எடுப்பார். எங்கள் ஊரில் ஒரு விதவைத் தாய் மிளகாய்த்தூள் இடித்துக் கொண்டுவருவார். தூள் திறம், எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் பொதியில் திகதி இல்லை, நிறை இல்லை, விலை இல்லை. அதிகாரிகள் வந்து பார்த்தால் குற்றப்பணம் எனக்கு. ஆகவே அதை நான் மேசைக்கு அடியில் வைத்துத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து வந்தேன். பிறகு ஒரு நாள், அச்சுக்கூடத்தில் சிறிய ஒட்டுத் துண்டு அடித்துக் கொடுத்து, அதில் எதை எழுத வேண்டும் என்று காட்டினேன். இப்போது தட்டில் இருக்கிறது. ஒட்டுத் துண்டின் செலவு மிகச் சிறியது. அதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதே நேரம், உள்ளூர் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. 2020 இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். உள்ளூரில் போதுமான அளவு விளையும் முன்பே கதவைச் சாத்தியதால் ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறியது. கடல் வழியாகக் கடத்தலும் வந்தது, மாவைக் கலந்து நிறமூட்டிய தூளும் வந்தது. என் கடையிலும் அப்படி ஒரு பொதி மாட்டியது. தண்ணீரில் போட்டதும் மஞ்சள் ஒரு பக்கம், மா ஒரு பக்கம்.

பழைய கணக்கு (வாழைச்சேனை)

ஓய்வூதியக்காரன், எழுபது கடந்தவன். 1970 முதல் 1977 வரை நடந்த ஆட்சியில் உள்ளூர்ப் பொருளை வாங்குவது ஒரு தெரிவாக இருக்கவில்லை. வேறு பொருளே கிடையாது. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்கள் அந்த ஏழு வருடத்தில் தலை நிமிர்ந்தார்கள் என்பது உண்மை. பாணுக்கு விடியப்புறத்தில் வரிசையில் நின்றதும், மரவள்ளிக் கிழங்கில் பொழுது கழித்ததும், அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் வழியில் மறித்துப் பையைக் கிளறியதும் அதே அளவுக்கு உண்மை. என் அம்மா மூத்த அக்காவின் வீட்டுக்குச் சில கொத்து அரிசியைச் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோனதை நான் கண்டிருக்கிறேன். 1977 க்குப் பிறகு கதவு திறந்தது. இறக்குமதி மிளகாய் வந்து குவிந்தது. உற்பத்தி செய்தவர் விழுந்தார். மூடியபோதும் யாரும் விவசாயியிடம் கேட்கவில்லை, திறந்தபோதும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கடதாசி ஆலையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1950 களில் தொடங்கிய அந்த ஆலைக்கு வைக்கோல்தான் முக்கிய மூலப்பொருள். வயலில் எரிக்கும் வைக்கோலை வண்டியில் ஏற்றி வந்து கொடுத்துக் காசு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சற்று மங்கலான நிறம், பேனை மை கொஞ்சம் ஊறும், ஆனாலும் எழுதலாம். யுத்தத்தோடு அது நொடிந்தது. 2022 பங்குனியில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள் என்று செய்தியில் கேட்டபோது, எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. வாங்குகிறவரின் மனம் மட்டும் உள்ளூராக இருந்து பயனில்லை, தம்பிமாரே. வாங்குவதற்குப் பொருள் இருக்க வேண்டும்.

பட்டிக்காரன் (கிரான்)

பாலைப் பற்றி யாரும் எழுதாதபடியால் எழுதுகிறேன். நானூறு கிராம் பால்மா 2021 முடிவில் 540 ரூபா. 2022 பங்குனியில் 790 ரூபா. அதுவும் கடையில் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் பட்டணத்திலிருந்து சைக்கிளில் போத்தலோடு எங்கள் பட்டிக்கு வந்தவர்கள் பலர். நானூறு கிராம் மாவைக் கரைத்தால் ஏறக்குறைய மூன்று லீற்றர் பால் என்று கணக்குப் பார்த்து, பசும்பால்தான் இலாபம் என்று அவர்களே எனக்குச் சொன்னார்கள். நம்பி இரண்டு மாடு கூடுதலாக வாங்கினேன். பால்மா மீண்டும் தட்டுக்கு வந்தது, வரிசை கலைந்தது, போத்தலும் வரவில்லை. கேட்டால், தினமும் காய்ச்ச வேண்டியிருக்கிறது, பிள்ளைக்கு மணம் பிடிக்கவில்லை என்கிறார்கள். தயிர் முட்டியை மட்டும் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் கேட்டு வருகிறார்கள்.

எங்களுக்கு வேண்டியது நெருக்கடிக் காலத்து அன்பு அல்ல. நெருக்கடி தீர்ந்த பின்னரும் கிழமையில் இரண்டு லீற்றர் எடுக்கிற ஒரு வீடு போதும். அப்படி இருபது வீடு இருந்தால் மாட்டை விற்கமாட்டேன். பால் இங்கே சுரக்க வேண்டுமானால் மாடு இங்கே மேய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து சித்தாண்டி வீதியோரத்தில் எங்கள் பண்ணையாளர்கள் பந்தல் போட்டுப் போராட்டம் இருந்தது பால் வாங்குகிறவருக்கும் சம்பந்தப்பட்ட விடயம்தான்.

வாவிக்கரை (கல்லடி)

பட்டிக்காரர் எழுதியதை வாசித்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினேன். 2022 வைகாசியிலிருந்து 2023 தை வரை பசும்பால் என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு பால்மா. போத்தலோடு வந்து, பிறகு வருவதை நிறுத்திவிட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிழமையில் இரண்டு லீற்றருக்கு நான் ஆள்.

செங்கலடித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 30 கிலோ அரிசி என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 180 கிலோ. அதற்கு ஏறக்குறைய 280 கிலோ நெல் வேண்டும். 120 ரூபாப்படி 33,600 ரூபா. இதை ஒருநாளில் எடுத்து வைக்கும் வசதி எனக்கும் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் மாதா மாதம் சீட்டுப் பிடிக்கிறோம். தங்கச் சங்கிலிக்கும் பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கும் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த எங்களுக்கு, நெல்லுக்குச் சீட்டுப் பிடிக்கத் தோன்றவில்லை. அறுவடைக்கு முந்திய ஆறு மாதம் ஒருவர் 5,600 ரூபாப்படி போட்டால் முழுத் தொகையும் சேரும். பாதி நெல் போதும் என்பவர் 2,800 போடலாம். மாமாவிடம் கேட்டேன். காய வைத்துத் தந்தால் சபை விலையே தருவோம், காசை வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்றேன். கோயில் களத்தைக் கேட்டுப் பார்க்கலாம், காயப்போட ஆள் கூலி யார் தருவது என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கூலியை நாங்கள் ஏற்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அது மூடைக்கு என்ன வரும் என்று அறிந்து எழுதுகிறேன்.

செங்கலடிச் சந்தி (செங்கலடி)

மாதம் 2,800 என்றால் யோசிக்கலாம். வேலை இல்லாத மாதத்தில் தவறினால் என்ன செய்வீர்கள்? சீட்டில் தவறினவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

வாவிக்கரை (கல்லடி)

சேர்ந்த காசுக்கு ஏற்ற நெல். தவறிய மாதத்துக்கு அவ்வளவு நெல் குறையும். வேறு பேச்சு இல்லை. இது ஏலச் சீட்டு அல்ல, ஒருவர் தவறினால் மற்றவருக்கு நட்டம் வராது. காய வைக்கும் நாளில் நீங்கள் வந்து நின்றால் அந்தக் கூலி உங்களுக்குத்தான், அதை நெல்லாகவும் எடுக்கலாம்.

ஆலைப்புகை (சம்மாந்துறை)

நெல்லாகவே வைத்திருங்கள்; ஒரேயடியாகக் குற்றி அரிசியாக வைத்தால் இரண்டு மாதத்தில் வண்டு பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை குற்றினால் போதும். சீமெந்துத் தரையில் மூடையை நேராக வைக்காதீர்கள், கீழே பலகை போடுங்கள். சம்மாந்துறை வரைக்கும் அலைய வேண்டாம், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் சிறு ஆலை ஏதாவது இருக்கும். நெல்லைக் கையில் எடுத்துக் கடித்துப் பார்த்து, கடுக்கென்று முறிந்தால் மட்டும் ஏற்றுங்கள், நசிந்தால் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

இப்போதைக்கு ஒன்பது வீடு சேர்ந்திருக்கிறது, செங்கலடித் தம்பியோடு. இந்தப் போகம் தவறிவிட்டது. சிறுபோக அறுவடை ஆவணியில் வரும். முதல் தவணையை வரும் மாதம் முதலாம் திகதி எடுக்கிறோம். சாக்கு அவரவர் கொண்டு வர வேண்டும்.